டேட்டன் கோர்ட்டும் புல்வெளிக் குறுக்கு விசாரணையும்

வியாழன், இரவு

"காலமெல்லாம் கோர்ட்டிலேயே கிடந்துவிட்டு லீவுக்கும் கோர்ட்டா?" என்று என் மனைவி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஜில்லா கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அட்லாண்டாவில் இருக்கும் மகன், "எங்கே போகலாம் அப்பா?" என்று கேட்டபோது நயாகராவையும் டிஸ்னியையும் விட்டுவிட்டு டென்னசி மாநிலத்து டேட்டனைச் சொன்னேன். பரிணாமத்தைப் பள்ளியில் நடத்தினார் என்று ஒரு ஆசிரியர்மேல் 1925-ல் வழக்கு நடந்த ஊர். அவன் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. ஒஹாயோவில் இருக்கும் பெரிய டேட்டன் என்று நினைத்துக்கொண்டு, அங்கே விமான மியூசியம் நன்றாக இருக்கும் என்றான்.

இது வேறு டேட்டன். சட்டநூகாவைத் தாண்டி 27-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இடது கைப்பக்கம் வால்டன் ரிட்ஜ் என்ற நீண்ட மலை கூடவே வருகிறது. வலது பக்கம் எங்கோ டென்னசி ஆறு, கண்ணில் படாமலே ஓடுகிறது. சாடி டெய்சி என்று ஒரு ஊர் குறுக்கிட்டது, பெயர் பிடித்திருந்தது. டேட்டனில் இன்று சுமார் ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள். ஊருக்குள் நுழையும்போது இருட்டிவிட்டதால் கோர்ட்டைப் பார்க்கவில்லை. விடுதியில் அறை, மருமகள் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை, அவ்வளவுதான் இன்று.

தூக்கம் வராததால் ஊரின் கதையைக் கொஞ்சம் எழுதிவைக்கிறேன். முதலில் இதற்கு ஸ்மித்ஸ் கிராஸ்ரோட்ஸ் என்று பெயர். நாலு வழி கூடும் இடம். 1880-ல் ரயில் வந்தது, மலையில் நிலக்கரி கிடைத்தது, இரும்பு உலை வந்தது. அதுவரை ரே கவுண்டியின், நம் ஊர்க் கணக்கில் ஜில்லாவின், தலைமையிடம் ஆற்றங்கரையில் இருந்த வாஷிங்டன் என்ற சின்ன ஊர். ரயிலும் உலையும் வந்த பிறகு தலைமையிடம் டேட்டனுக்கு இடம் மாறியது. அந்தக் கையோடு 1891-ல் எழும்பியதுதான் இந்தக் கோர்ட்டுக் கட்டடம். இனி நம் ஊர் பெரிய பட்டணம்தான் என்ற நம்பிக்கையில் கட்டியது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் இரும்புக் கம்பெனி நொடித்தது, சுரங்க வேலை போனது, ஜனம் கிளம்பிப் போய்விட்டது. 1925-ல் ஊரில் இருந்தவர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவு.

இந்த வருமானம் போன கதை தெரியாமல் அந்த வழக்கு புரியாது. மீதி நாளை.

வெள்ளி

காலையில் முதல் வேலையாகக் கோர்ட்டுக்கு. ஊர் நடுவே மரங்கள் சூழ்ந்த புல்வெளி, அதன் மத்தியில் சிவப்புச் செங்கல்லில் மூன்று தளக் கட்டடம். வட்ட வளைவு வைத்த ஜன்னல்கள். ஒரு ஓரத்தில் உயரமான மணிக்கூண்டு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்ற கவலை கட்டியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை, அதுவே அழகாக இருக்கிறது. 1976-ல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள். ஆனாலும் சின்னம் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடவில்லை. கவுண்டி அலுவலகங்கள் உள்ளே நடக்கின்றன. கையில் காகிதத்தோடு ஒரு பெரியவர் கவுண்டரில் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்கு எந்த நாட்டிலும் அந்நியமில்லை.

அலுவலகத்தில் இருந்த அம்மாவிடம் மேலே போய்ப் பார்க்கலாமா என்று கேட்டோம். "தாராளமாக" என்று கையைக் காட்டினார். டிக்கெட் இல்லை, காவலும் இல்லை.

மாடிப்படி ஏறினால் நேரே கோர்ட்டு ஹால். நான் நினைத்ததைவிடப் பெரியது. உயரமான கூரை, இரு பக்கமும் நெட்டை ஜன்னல்கள், மரத்தரை நடக்க நடக்க முனகுகிறது. நீதிபதியின் மேடை, வக்கீல்களின் மேஜைகள், தடுப்புக் கம்பி, ஜூரி நாற்காலிகள், பார்வையாளர் இருக்கைகள் எல்லாமே அந்தக் காலத்தவை. 1970-களின் கடைசியில் பழுதுபார்த்து, ஹாலை 1925-ல் இருந்தபடியே மீட்டெடுத்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல நீதிபதி மேடைக்குக் கீழே, எனக்குப் பழக்கமான இடத்தில் போய் நின்றுகொண்டேன். மனைவி போட்டோ எடுத்தாள். "கேஸைக் கூப்பிடுங்களேன்" என்றாள்.

சரி, கேஸைக் கூப்பிடுகிறேன். டென்னசி மாநிலம் எதிர் ஜான் தாமஸ் ஸ்கோப்ஸ்.

1925 மார்ச் 21-ஆம் தேதி மாநில கவர்னர் ஆஸ்டின் பே ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஜான் பட்லர் என்ற விவசாயி சட்டசபை உறுப்பினராக இருந்து கொண்டுவந்த சட்டம். பைபிள் சொல்லும் படைப்பை மறுத்து, மனிதன் கீழான உயிரினத்திலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தால் 100 முதல் 500 டாலர் வரை அபராதம். நியூயார்க்கில் இருந்த அமெரிக்கச் சிவில் உரிமைகள் சங்கம், இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காட முன்வரும் ஆசிரியருக்குச் செலவை ஏற்போம் என்று அறிவித்தது. சட்டநூகாப் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை டேட்டனில் ஒருவர் படித்தார். ஜார்ஜ் ராப்பல்யே, நியூயார்க்கிலிருந்து வந்து, நொடித்துப்போன சுரங்கக் கம்பெனியின் மிச்சத்தை நிர்வகித்துக்கொண்டிருந்தவர். பத்திரிகையை எடுத்துக்கொண்டு நேரே ராபின்சன் மருந்துக் கடைக்குப் போனார்.

மருந்துக் கடை என்றால் மாத்திரை மட்டும் விற்கும் இடமில்லை. சோடா, ஐஸ்கிரீம், ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். கடைக்காரர் ராபின்சன் கவுண்டியின் பள்ளிக் குழுத் தலைவரும்கூட. இந்த வழக்கு நம் ஊரில் நடந்தால் நாலு பேர் வருவார்கள், ஹோட்டல் நிறையும், வியாபாரம் நடக்கும். இதுதான் அவர்கள் போட்ட கணக்கு. கொள்கை அப்புறம். டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த 24 வயது ஸ்கோப்ஸை ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். அவர் பொது அறிவியல் சொல்லிக்கொடுத்தார், கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்தார். உயிரியல் ஆசிரியர் வராத நாட்களில் அந்த வகுப்பையும் பார்த்துக்கொண்டவர், அவ்வளவுதான். பரிணாமத்தை அன்று நடத்தினாரா என்பதே அவருக்கு உறுதியில்லை. இருந்தும் சரி என்று தலையாட்டினார். குற்றம் சாட்டப்பட்டவர் சம்மதித்து, புகார் கொடுப்பவர் அவருக்கு நண்பராக இருந்து, கோர்ட்டைத் தேடிப் போன வழக்கு. என் சர்வீஸில் பொய் வழக்கு நிறையப் பார்த்திருக்கிறேன், இந்த ரகத்தைப் பார்த்ததில்லை.

இதிலும் ஒரு வேடிக்கை. வகுப்பில் இருந்த பாடப்புத்தகம், ஹன்டர் எழுதிய சிவிக் பயாலஜி, மாநில அரசே அங்கீகரித்தது. பரிணாமம் அதில் அச்சாகியே இருந்தது. அரசு ஒரு கையால் புத்தகத்தைக் கொடுத்து, மறு கையால் அதை நடத்தாதே என்றது. புத்தகம் விற்றுக்கொண்டிருந்ததும் ராபின்சன் கடைதான்.

கட்டடத்தின் அடித்தளத்தில் சின்ன மியூசியம் இருக்கிறது. நிறையப் புகைப்படங்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, சஸ்பெண்டர் பட்டியோடு நிற்கும் வக்கீல்கள், விசிறியோடு ஜனங்கள். தெருவில் பைபிள் விற்றவர்கள், பிரசங்கம் செய்தவர்கள், கோட்டு சூட்டு மாட்டிய ஜோ மெண்டி என்ற சிம்பன்சிக் குரங்கு. சித்திரைத் திருவிழாக் கடைவீதிதான், சாமி மட்டும் உள்ளே கோர்ட்டில். சிகாகோவின் டபிள்யூஜிஎன் வானொலி தொலைபேசிக் கம்பியை வாடகைக்கு எடுத்து, விசாரணையை நேரடியாக ஒலிபரப்பியது. அதற்காக ஹாலில் மேஜை நாற்காலிகளை நகர்த்தி மைக் வைத்தார்கள். அமெரிக்காவில் ஒரு வழக்கு இப்படி வானொலியில் போனது அதுதான் முதல்தடவை. ராபின்சனின் கணக்கு முழுக்கத் தப்பவில்லை.

வெள்ளி, இரவு

நாள் முழுக்க அதே நினைப்பு. எழுதிவிட்டே படுக்கிறேன்.

1925 ஜூலை 10-ஆம் தேதி விசாரணை தொடங்கியது. அரசுத் தரப்புக்குத் துணையாக வந்தவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். மூன்று முறை ஜனாதிபதித் தேர்தலில் நின்று தோற்றவர், வில்சன் காலத்தில் வெளியுறவு அமைச்சர். எதிர்த் தரப்பில் சிகாகோவின் பிரபல கிரிமினல் வக்கீல் கிளாரன்ஸ் டாரோ. நீதிபதி ஜான் ரால்ஸ்டன். தினமும் கோர்ட்டு ஜெபத்தோடு தொடங்கியது. டாரோ ஆட்சேபம் தெரிவித்தார், நீதிபதி தள்ளிவிட்டார்.

ஜூரியில் இருந்த பன்னிரண்டு பேரில் பெரும்பாலோர் விவசாயிகள். நாட்டிலேயே சிறந்த இரண்டு பேச்சாளர்களை முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம் என்று ஆசையோடு வந்தவர்கள். பாவம், சட்ட வாதம் நடக்கும்போது ஜூரி உள்ளே இருக்கக்கூடாது என்று அவர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வழக்கில் பெரும்பாலும் நடந்ததே சட்ட வாதம்தான். நாடே வானொலியில் கேட்டது, தீர்ப்புச் சொல்லவேண்டியவர்கள் கேட்கவில்லை.

எதிர்த் தரப்பு விஞ்ஞானிகளை வரவழைத்திருந்தது. அவர்கள் சாட்சியம் இந்த வழக்குக்குத் தேவையில்லை என்று ஜூலை 17, வெள்ளியன்று நீதிபதி சொல்லிவிட்டார். ஸ்கோப்ஸ் நடத்தினாரா இல்லையா என்பதுதான் கேள்வி, நடத்தியது உண்மையா என்பது கேள்வியில்லை. சட்டப்படி பார்த்தால் அந்த உத்தரவில் எனக்குப் பெரிய குறை தெரியவில்லை. இனி ஒன்றும் இல்லை என்று நினைத்துப் பல நிருபர்கள் மூட்டை கட்டினார்கள். டேட்டன் ஜனங்களைத் தினமும் கிண்டல் செய்து பால்டிமோர் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்த எச். எல். மென்கனும் கிளம்பிவிட்டார். அவர் தவறவிட்டது என்ன என்று பாருங்கள்.

ஜூலை 20, திங்கள். தாங்கமுடியாத வெயில், ஹாலில் நெரிசல். கீழ்த்தளக் கூரையில் விரிசல் கண்டதாகவும், தரை கனம் தாங்காமல் போகலாம் என்றும் சொல்லி, நீதிபதி கோர்ட்டையே வெளியே புல்வெளிக்கு மாற்றினார். கட்டடத்தை ஒட்டிப் போட்டிருந்த மரமேடையில் விசாரணை. மரநிழலில் ஆயிரக்கணக்கான ஜனம். அங்கே டாரோ தரப்பு ஒரு சாட்சியைக் கூப்பிட்டது. அரசுத் தரப்பு வக்கீலான பிரையனையே, பைபிள் நிபுணர் என்ற முறையில்.

எதிராளி வக்கீலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவதா? நம் கோர்ட்டில் யாராவது கேட்டிருந்தால் பார் அசோசியேஷன் முழுக்க எழுந்து நின்றிருக்கும். பிரையன் தானாகவே ஒப்புக்கொண்டார். சுமார் இரண்டு மணி நேரம் நடந்தது. யோனாவை மீன் விழுங்கியது, யோசுவா சூரியனை நிறுத்தியது, காயீனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள், உலகத்தின் வயது என்ன என்று டாரோ ஒவ்வொன்றாகக் கேட்டார். படைப்பின் ஆறு நாள் என்பது 24 மணி நேர நாளாக இருக்கவேண்டியதில்லை என்று பிரையன் ஒப்புக்கொண்டதுதான் பெரிய விஷயம். அவரை நம்பி வந்த கூட்டத்திலேயே பலருக்கு அது பிடித்திருக்காது. கடைசியில் இருவரும் எழுந்து நின்று கத்த, நீதிபதி அன்றைய கோர்ட்டைக் கலைத்துவிட்டார்.

இந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கட்டடத்தை உலகம் நினைவு வைத்திருக்கிறது. அது நடந்ததோ கட்டடத்துக்கு வெளியே. ஜூரி அப்போதும் இல்லை. மறுநாள் காலை நீதிபதி, பிரையனின் சாட்சியத்தைப் பதிவிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டார். வாழ்நாளெல்லாம் பதிவு எழுதியவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. எழுதியதை எல்லாம் பத்திரமாகக் கட்டி வைத்தோம், அதில் பாதியை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. இங்கே அடித்துவிடச் சொன்ன பக்கத்தைத்தான் நூறு வருடமாக எல்லோரும் படிக்கிறார்கள்.

அப்புறம் டாரோவே, ஜூரியைக் கூப்பிட்டுக் குற்றவாளி என்று சொல்லச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். மேல்முறையீட்டுக்குப் போவதுதான் ஆரம்பத்திலிருந்தே திட்டம். அதோடு, பிரையன் வாரக்கணக்கில் தயார் செய்த முடிவுரையைப் பேச முடியாமல் போனது. ஜூரி ஒன்பது நிமிடத்தில் திரும்பி வந்தது. அபராதம் 100 டாலர். நீதிபதி தண்டனையைச் சொல்லிவிட்டார், குற்றவாளிக்குச் சொல்ல ஏதாவது உண்டா என்று முதலில் கேட்க மறந்துவிட்டார். ஸ்கோப்ஸ் தரப்பு வக்கீல்களில் ஒருவரான நீல் எழுந்து நினைவூட்டியதும் ஸ்கோப்ஸைப் பேச விட்டார்கள். வழக்கு முழுக்க அவர் கோர்ட்டில் வாய்திறந்து பேசியது அந்த நாலு வரிதான், இது அநியாயச் சட்டம், இதைத் தொடர்ந்து எதிர்ப்பேன் என்று.

சனி

அலுவலகம் விடுமுறை. புல்வெளி மட்டும் திறந்திருக்கிறது, அதற்குப் பூட்டு ஏது. இரண்டு வெண்கலச் சிலைகள். பிரையன் 2005-ல் வந்தார். டாரோ வந்தது 2017-ல்தான், மதமற்றோர் அமைப்பு ஒன்று செலவை ஏற்றது. சிலை விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான், ஒருவருக்கு வைத்தால் மற்றவருக்கும் வைக்கவேண்டும். ஸ்கோப்ஸுக்குச் சிலை கண்ணில் படவில்லை.

மகன் டாரோ பக்கம். காலை முழுக்க அவனோடு வாதம். பிரையனை முட்டாளாகக் காட்டும் பழக்கம் இந்த வழக்கை வைத்து வந்த ஒரு நாடகத்திலும் சினிமாவிலும் தொடங்கி, இன்றுவரை தொடர்கிறது. கடன்பட்ட விவசாயிகளுக்காகப் பேசியவர், பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்றவர், அமெரிக்கா போரை நோக்கிப் போகிறது என்று 1915-ல் மந்திரி பதவியை விட்டு இறங்கியவர். வலியவன் வாழ்வான் என்று டார்வின் பெயரில் சொல்லிக்கொண்டு எளியவனை மிதிக்கிறார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது. அது வெறும் பயமும் இல்லை. அந்த சிவிக் பயாலஜியை எடுத்துப் பாருங்கள். மனித இனங்களைத் தரம் பிரித்து வெள்ளையரை உச்சியில் வைத்திருக்கிறது. பலவீனமானவர்கள் பிள்ளை பெறாமல் தடுக்கவேண்டும் என்ற யோசனையும் அதில் உண்டு. டாரோ காப்பாற்ற வந்த புத்தகத்திலும் இந்த அழுக்கு இருந்தது. ஆனால் அதற்காகப் பரிணாமத்தையே சொல்லிக்கொடுக்காதே என்று போலீஸ் சட்டம் போடுவது மருந்தாகாது. இந்த இடத்தில் மகனும் நானும் ஒத்துப்போனோம்.

ஸ்கோப்ஸும் பிரையனும் முன்பே சந்தித்தவர்கள் என்பது அவனுக்குப் புதுச் செய்தி. பிரையன் பிறந்தது இல்லினாய் மாநிலத்து சேலம். ஸ்கோப்ஸ் பள்ளிப் படிப்பை முடித்ததும் அதே ஊரில். 1919-ல் அந்தப் பள்ளியின் பட்டமளிப்பு விழாவுக்கு வந்து பேசியவர் பிரையன்.

மத்தியானம் குன்றின்மேல் இருக்கும் பிரையன் கல்லூரியைச் சுற்றிப் பார்த்தோம். வழக்கு முடிந்த ஐந்தாவது நாள், ஜூலை 26, ஞாயிறு மத்தியானம் இதே டேட்டனில் தூங்கப் போன பிரையன் எழுந்திருக்கவில்லை. அவர் நினைவாக 1930-ல் தொடங்கியது இந்தக் கல்லூரி. மரங்கள் நன்றாக இருக்கின்றன, வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஊரில் இன்று பெரிய வேலை கொடுப்பது லேஸி பாய் சோபாத் தொழிற்சாலை. அணை கட்டியதால் உண்டான சிக்கமாகா ஏரியில் மீன் பிடிக்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். விடுதியில் எங்களைத் தவிர எல்லோருடைய வண்டிக்குப் பின்னாலும் ஒரு படகு. கோர்ட்டைப் பார்க்க வந்தோம் என்றதும் பக்கத்து அறைக்காரர் எங்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார்.

ஞாயிறு

ஊர் முழுக்கச் சர்ச்சுக்குப் போயிருந்தது. காலி வீதியில் காப்பி தேடி அலைந்து, கடைசியில் நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்கில் கிடைத்தது. மனைவி அதைக் காப்பி என்று ஒப்புக்கொள்ளவில்லை.

காரில் மகன் கேட்டான்: "சரிப்பா, மேல்முறையீடு என்ன ஆச்சு?" நான் காத்திருந்த கேள்வி. டென்னசி அரசியல் சட்டப்படி 50 டாலருக்கு மேல் அபராதம் என்றால் அதை ஜூரிதான் நிர்ணயிக்கவேண்டும். பட்லர் சட்டத்திலோ குறைந்தபட்சமே 100. இங்கே அந்த 100-ஐப் போட்டவர் நீதிபதி. 1927 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டு, இந்த ஒரு காரணத்துக்காகத் தண்டனையை ரத்து செய்தது. இந்த விசித்திர வழக்கை இனியும் இழுப்பதில் பிரயோஜனம் இல்லை, கைவிடுங்கள் என்று அரசு வக்கீலுக்கு யோசனையும் சொன்னது. அவரும் கைவிட்டார். தண்டனையே போன பிறகு தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு எதை எடுத்துக்கொண்டு போவது? டாரோ ஆசைப்பட்ட தீர்ப்பு கிடைக்கவே இல்லை. பட்லர் சட்டம் 1967 வரை புத்தகத்தில் இருந்தது.

"அப்போ இரண்டு பேருமே ஜெயிக்கலையா?" என்றாள் மருமகள்.

"ஒரு கிளார்க் பக்கத்தில் இருந்து, ஐயா, இதை ஜூரியிடம் விடுங்கள் என்று காதில் போட்டிருந்தால் கதையே வேறு" என்றேன். மூன்று பேரும் சிரித்தார்கள். நான் சும்மா சொல்லவில்லை.

ஸ்கோப்ஸ் சிகாகோவில் நிலவியல் படித்து, எண்ணெய்க் கம்பெனி வேலைக்கு வெனிசுவேலா போய்விட்டார். 1960-ல் அந்த சினிமாவுக்காக டேட்டன் வந்தபோது ஊரின் சாவியைக் கொடுத்து வரவேற்றிருக்கிறார்கள். 1970-ல் இறந்தார்.

போக நினைப்பவர்களுக்கு: வாரநாளில் போங்கள், சனி ஞாயிறு கட்டடத்துக்குள் நுழைய முடியாது. ஹாலும் மியூசியமும் பார்க்க அரைநாள் போதும். ஜூலையில் ஊரே சேர்ந்து அந்த வழக்கை நாடகமாக நடத்துவது வழக்கம், அந்தச் சமயத்தில் அறைக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கவேண்டும். நாங்கள் இப்போது சட்டநூகாவில் இருக்கிறோம். நாளை மனைவியின் முறை. மலை ரயில் என்கிறாள்.